பதில் சொல்லப் பழகிய கடம்: விக்கு விநாயகராமின் வளர்ப்பும் பிறநாட்டுக் கூட்டிசையும்

1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டிலுள்ள சௌத்ஹாம்ப்டன் கல்லூரியில் ஐந்து பேர் வாசித்த கச்சேரி, அடுத்த ஆண்டு சக்தி குழுவின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. கிதாரில் இங்கிலாந்தின் ஜான் மெக்லாஃப்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், மிருதங்கத்தில் ராம்நாடு ராகவன், மண்பானை வாத்தியமான கடத்தில், விக்கு விநாயகராம் என்று அறியப்படும் டி.எச். விநாயகராம். இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் விநாயகராமின் பங்கைப் பெரும்பாலும் அவருடைய விரல் வேகத்தையும், தாளம் தவறாமல் கடத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் லாகவத்தையும் கொண்டே விளக்குகிறார்கள். வேகமும் லாகவமும் உண்மைதான். ஆனால் ஒரு ஜாஸ் கிதார் கலைஞரோடும் பஞ்சாப் கரானா என்னும் இசைவழியைச் சேர்ந்த ஒரு தபலா கலைஞரோடும் மணிக்கணக்கில் மேடையைப் பகிர்ந்துகொள்வதற்கு அவை போதாது. அதற்கு வேண்டியிருந்தது வேறொரு பழக்கம். தன் முறை வரும்வரை காத்திருந்து, மற்றவர் வாசித்ததை உள்வாங்கி, அடுத்த கணமே அதற்குப் பொருத்தமான பதிலைத் தரும் அந்தப் பழக்கத்தைச் சென்னையில் ஒரு தந்தையும், கர்நாடகக் கச்சேரி மேடையில் உபபக்கவாத்தியக்காரருக்கு, அதாவது இரண்டாம் நிலைத் துணைவாத்தியக்காரருக்கு, விதிக்கப்பட்ட இடமும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

விநாயகராம் 1942 ஆகஸ்டு 11 அன்று சென்னையில் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் முதலாவது தேத்தாக்குடி என்னும் ஊரையும், அடுத்தது தந்தை ஹரிஹர சர்மாவையும் குறிக்கின்றன. ஹரிஹர சர்மா மிருதங்கமும், வாயில் வைத்து மீட்டும் இரும்பு வாத்தியமான மோர்சிங்கும் அறிந்த கலைஞர். எனினும் தமிழ் இசையுலகம் அவரை முதன்மையாக ஆசிரியராகவே நினைவில் வைத்திருக்கிறது. 1958இல் அவர் சென்னையில் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயா, ஒரே கூரையின்கீழ் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் ஆகிய எல்லாவற்றையும் கற்பித்த பள்ளி. இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவம் எளிதில் கண்ணில் படுவதில்லை. பொதுவாக ஒரு தாளவாத்திய மாணவர் ஒரு குருவிடம் ஒரு வாத்தியத்தைக் கற்று, மற்ற வாத்தியங்களைக் கச்சேரி மேடையில்தான் சந்திப்பார். ஹரிஹர சர்மாவின் வீட்டிலும் பள்ளியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கோ, ஒரே பாடம் மரத்திலும் தோலிலும் மண்ணிலும் இரும்பு நாக்கிலும் எப்படியெல்லாம் மாறி ஒலிக்கும் என்பது சிறுவயதிலேயே காதுக்குப் பழகிய செய்தியாகிவிட்டது. விநாயகராமின் தம்பி டி.எச். சுபாஷ் சந்திரன் கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என நான்கிலும் தேர்ந்த வித்வானாக வளர்ந்ததும் இந்தச் சூழலால்தான்.

அந்தப் பாடத்தின் அடிப்படை சொற்கட்டு, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கள். தென்னகத் தாளவாத்தியக் கல்வியில் கை வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் வாய் பேச வேண்டும். ‘தா தீ தொம் நம்’ என்ற முதல் பாடத்திலிருந்து கணக்கிட்டு முடிக்கும் நீண்ட கோர்வைகள்வரை ஒவ்வொன்றையும் மாணவர் கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லிக் காட்டிய பிறகே விரலுக்கு வருவார். இதனால் லயம் என்பது விரலின் பழக்கமாக மட்டும் இல்லாமல், நினைவில் நிற்கும் கணக்காகவும் ஆகிறது. ஒரு சிறிய எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 32 மாத்திரைகள். ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை வைத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி ஓய்வு) கொடுத்து ஒரு தீர்மானம் (முடிப்பு) செய்தால், மொத்தம் 19 மாத்திரைகள் ஆகும். அது முடிந்தவுடன் சமம், அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்க எண்ணிக்கை, விழ வேண்டுமானால் 13 மாத்திரைகள் கழிந்து 14ஆவது மாத்திரையில் தொடங்க வேண்டும். கற்றுத் தேர்ந்தவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை; தொடங்க வேண்டிய இடம் அவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பதாக நடை மாறும்போதும் அப்படியே. இந்தக் கணக்கு எந்த ராகத்தையும் சாராதது, எந்த மொழியின் சாகித்தியத்தையும் சாராதது. பின்னாளில் அது எல்லை தாண்டிச் செல்ல முடிந்ததற்கு இதுவே முதற்காரணம்.

கடம் என்ற வாத்தியத்தின் இயல்பையும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில், வைகைக் கரை மண்ணைக் கொண்டு செய்யப்படும் கடங்கள் தடித்த சுவரும் கனமும் கொண்டவை. சென்னைக் கடம் எனப்படுவது அதைவிட மெல்லியது, இலேசானது. வாசிப்பவரின் விரலுக்கு மானாமதுரைக் கடம் கூடுதல் வலுவைக் கேட்கும். பதிலுக்குக் கணீரென்ற நாதத்தைத் தரும். மிருதங்கத்தில் தோலை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்ப்பது போலக் கடத்தில் செய்ய இயலாது. சூளையிலிருந்து வெளிவரும்போது அதற்கு அமைந்த சுருதியே ஏறக்குறைய அதன் ஆயுட்காலச் சுருதி. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 கட்டை என்னும் சுருதியை ஒட்டியும் பெண் பாடகர்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவதால், கட வித்வான் ஒருவர் வெவ்வேறு சுருதிகளில் பல கடங்களை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குயவர் பல பானைகளைத் தட்டிச் சுட்டு எடுத்தாலும், கச்சேரிக்கு ஏற்ற சுருதியும் சீரான நாதமும் அமைபவை சிலவே. அந்தக் கைத்திறனுக்கு உரிய அங்கீகாரம் மிகத் தாமதமாகவே கிடைத்தது; மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது 2023இல்தான்.

வாசிப்பு முறையிலும் கடத்துக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலையும் இடப்பக்கமான தொப்பியும் இரு வேறு குரல்கள். தொப்பியை அழுத்தி எழுப்பும் கும்கியில் நாதம் வளைந்து செல்லும். கடத்தில் பத்து விரல்களும் ஒரே சுட்ட மண்ணைத்தான் தொடுகின்றன. கழுத்து, வயிறு, அடிப்பகுதி என்று இடம் மாற்றியும், கடத்தின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் காற்றை அமுக்கியும்தான் வேறுபாடுகளை உண்டாக்க வேண்டும். ஒலி உலர்ந்தது, தெளிவானது. ஆகவே சிறு பிசகும் மறையாது. ஆனால் இதே உலர்ந்த தெளிவு மிக விரைவான சொற்களை எழுத்து எழுத்தாகக் கேட்கச் செய்கிறது. விநாயகராம் இந்தக் குறையையும் நிறையையும் சேர்த்தே பயன்படுத்தினார். அவர் வாசிப்பில் மூன்றாம் காலத்துச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே உதிர்வதும், நடுவே வயிற்றிலிருந்து எழும் அடிநாதம் திடீரென்று தரையைக் காட்டுவதும், கடத்தை வெறும் துணை ஓசையாக எண்ணியிருந்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன.

அப்படி எண்ணியிருந்தவர்கள் குறைவல்லர். கர்நாடகக் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்கள். கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் உபபக்கவாத்தியங்கள். கட வித்வான் பாடகரையும் தொடர வேண்டும், மிருதங்க வித்வானின் போக்கையும் தொடர வேண்டும். எங்கே வாசிக்கலாம், எங்கே கை நிறுத்த வேண்டும் என்பதை அந்தந்தக் கணத்தில் உணர்ந்துகொள்ள வேண்டும். மிருதங்கம் ஒரு சரணத்துக்குப் பின் ஓய்ந்து கண்ணசைத்தால் உடனே இடத்தை நிரப்ப வேண்டும்; அது திரும்பி வந்தால் விலக வேண்டும். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இந்த ஒழுங்கு இன்னும் கடுமையானது. மிருதங்கம் ஒரு கருத்தை எடுத்து விரித்து முடித்ததும், அதே நடையில், அதன் சாயலை விடாமல், ஆனால் அப்படியே திருப்பிச் சொல்லாமல் கடம் பதில் தர வேண்டும். பின்பு குறைப்பு என்னும் பகுதியில் ஒவ்வொருவரின் பங்கும் நான்கு ஆவர்த்தனம், இரண்டு, ஒன்று, அரை என்று சுருங்கிக்கொண்டே வந்து, இருவரும் சேர்ந்து பரன், மோரா, கோர்வை என்னும் நிறைவுப் பகுதிகளை வாசித்து முடிப்பார்கள். முன்னேற்பாடு ஏதும் இல்லாமல், அதுவரை கேட்டிராத ஒரு கணக்கு எதிரிலிருந்து வந்து விழும். அதை ஒரே முறை கேட்டுப் பிரித்து அறிய வேண்டும். தொடங்கிவைக்கும் உரிமை மிருதங்கத்துக்கு. கேட்டுக் கண்டுபிடிக்கும் சுமை கடத்துக்கு. இந்த அமைப்பில் படிநிலை வேறுபாடு இருக்கிறது. கட வித்வான்களுக்கு மேடையிலும் சன்மானத்திலும் அது இழைத்த குறையை மறைக்கக் கூடாது. ஆயினும் கவனித்துக் கேட்பதற்கு இதைவிடக் கடுமையான பயிற்சிக்கூடம் இந்திய இசையில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விநாயகராம் இந்தப் பயிற்சிக்கூடத்துக்குள் 13 வயதில் நுழைந்தார். தூத்துக்குடியில் ராம நவமி விழாவில் வி.வி. சடகோபனுக்கு வாசித்ததே அவருடைய அரங்கேற்றம். அடுத்த ஆண்டுகளில் செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், ஜி.என். பாலசுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி என்று முன்னணிப் பாடகர்கள் பலருக்கும் வாசித்தார். இந்தப் பெயர்களை வரிசையாக அடுக்குவதைவிட, இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில், ஒவ்வொரு மனப்போக்கில் பாடியவர்கள் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. செம்பையின் நிமிர்ந்த, திடமான நடைக்கு வாசித்த கை, மறுநாள் மணி ஐயரின் சுரக் கோவைகளுக்கு மென்மையாக இழைய வேண்டியிருந்தது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது, வி.வி. சுப்பிரமணியம் வயலினும் டி.கே. மூர்த்தி மிருதங்கமும் வாசிக்க, கடத்தோடு அமர்ந்திருந்தவர் அப்போது 24 வயதான விநாயகராம். காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’ ஒலித்த அந்த நிகழ்ச்சியில், கர்நாடகக் கச்சேரியின் மரபை அறியாத அவையினர் முன் அதன் இலக்கணத்தைக் குலைக்காமல் வாசிக்கும் அனுபவம் அவருக்கு வாய்த்தது.

இனி மறுகரையைப் பார்க்க வேண்டும். சக்தியின் தோற்றத்தை ஒரு தற்செயல் சந்திப்பாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அதற்கு முன்பே பத்தாண்டுக் காலத் தயாரிப்பு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்துகொண்டிருந்தது. கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1963 முதலே டி. ரங்கநாதன் மிருதங்கம் கற்பித்து வந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்றவர் அவர், பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி. பின்னர் ராம்நாடு ராகவனும் அங்கே ஆசிரியரானார், எல். சங்கர் அங்கே ஆய்வு மாணவராக இருந்தார். ஜான் மெக்லாஃப்லின் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றதும் அங்கேதான். கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நிறுவிய கல்லூரியும், பெர்க்லியில் உலக இசை மையமும் இயங்கின. சக்தியில் சேர அழைப்பு வந்தபோது விநாயகராம் அந்த மையத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆக, அந்த ஐவரில் எவரும் மற்றவரின் இசையை முதன்முறையாக மேடையில் கேட்டவர் அல்லர்.

மெக்லாஃப்லின் செய்துகொண்ட மாற்றம் தனியே குறிப்பிடத் தக்கது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவில் மின்கிதாரின் பெருமுழக்கத்தோடு வாசித்துப் புகழ்பெற்றிருந்தவர், சக்திக்காக மின்னொலியைக் கைவிட்டு, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மர கிதாரை எடுத்தார். அந்தக் கிதாரில் ஏழு துணை அதிர்வுத் தந்திகள் குறுக்காகப் பொருத்தப்பட்டிருந்தன. மெட்டுகளுக்கு இடைப்பட்ட விரற்பலகை குழிவாகக் குடையப்பட்டிருந்தது. வீணையில் செய்வது போலத் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்புவதற்காகவே அந்த ஏற்பாடு. கூட்டிசை என்ற பெயரில் இந்தியக் கலைஞரை மட்டும் வளைந்துகொடுக்கச் சொல்லும் முயற்சிகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சக்தியில் வளைந்துகொடுத்தவர்களில் முதல்வர் மேற்கிலிருந்து வந்தவர் என்பது அந்த இசையின் தரத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

தாளத்தைப் பொறுத்தவரை, உண்மையான பண்பாட்டு இடைவெளி கிதாருக்கும் கடத்துக்கும் இடையே இருந்ததைவிடத் தபலாவுக்கும் கடத்துக்கும் இடையே அதிகம் இருந்தது. இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம், ஏனெனில் இரண்டுமே இந்திய வாத்தியங்கள். இந்துஸ்தானி மரபில் தபலா ‘தேகா’ எனப்படும் நிலைத்த சொல்லமைப்பை வாசித்துத் தாளத்தைத் தாங்கி நிற்கிறது. பாடகர் கையால் தாளம் போடுவதில்லை. கர்நாடக மரபில் தாளம் கையில் இருக்கிறது. ஆகவே மிருதங்கமும் கடமும் தாளத்தை அறிவித்துக்கொண்டிருக்க வேண்டிய கடமையிலிருந்து விடுபட்டு, பாட்டின் அமைப்பை ஒட்டி வாசிக்கின்றன. தபலாவின் தனி வாசிப்பில் காயதா எனப்படும் ஒரு சொற்கருவை எடுத்துக்கொண்டு அதன் சொற்களை மட்டுமே மாற்றியமைத்துப் படிப்படியாக விரிப்பார்கள். தென்னகத் தனியில் நடைமாற்றமும் கோர்வையின் கூட்டல் கணக்கும் மேலோங்கும். ஜாகிர் உசேன் இந்த இடைவெளியைக் கடக்கத் தயாராக வந்தவர். 1951இல் பம்பாயில் பிறந்த அவரும் விநாயகராமைப் போலவே தந்தையிடம் லயம் கற்றவர். அந்தத் தந்தை உஸ்தாத் அல்லா ரக்கா பஞ்சாப் கரானாவின் பெருங்கலைஞர். ரவிசங்கரோடு உலகமெங்கும் வாசித்தவர். தபலாக் கல்வியும் வாயால் சொல்லிப் பழகுவதில்தான் தொடங்குகிறது. ஒருவர் ‘தா தின் தின் தா’ என்றும் மற்றவர் ‘தகதிமி தகஜொணு’ என்றும் சொல்லி வளர்ந்தவர்கள். சொற்கள் வேறு, சொல்லிக் கற்கும் முறை ஒன்று.

இருவரும் சந்தித்த இடமும் அதுவே. 1976இல் பதிவான குழுவின் இரண்டாவது இசைத்தட்டான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யின் முதல் உருப்படி, வாத்தியங்கள் எதுவும் ஒலிக்கும் முன் சொற்கட்டோடு தொடங்குகிறது. மேற்கத்திய ரசிகர்களுக்கான ஓர் இசைத்தட்டு இப்படிப் பயிற்சி அறையின் குரலோடு திறப்பது துணிவான முடிவு. அந்தத் தட்டைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு இன்னொன்றும் புலப்படும். முதல் இசைத்தட்டுக்குப் பின் ராகவன் விலகிவிட்டதால் குழுவில் மிருதங்கம் இல்லை. கர்நாடக மேடையில் மிருதங்கத்தைத் தொடர்ந்தே ஒலித்துவந்த கடம், இப்போது தென்னக லயத்தின் முழுப் பொறுப்பையும் தனியே ஏற்க வேண்டியிருந்தது. விநாயகராம் மிருதங்கத்தின் பங்கைக் கடத்தில் நகலெடுக்க முயலவில்லை. தபலாவின் இடக்கை முரசான பாயாவிலிருந்து எழும் வளைந்த அடிநாதத்துக்கு இடம்விட்டு, அதன் மேல் கூர்மையான ஒலிகளால் கணக்கைத் தீட்டினார்; கேள்வி தபலாவிலிருந்து வந்தால் பதிலும், தபலா ஓய்ந்தால் கேள்வியும் அவரிடமிருந்து வந்தன. தொடங்கிவைக்கும் உரிமை அவருக்கு முழுதாகக் கிடைத்தது இங்கேதான். 1977இல் வெளியான ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்ற மூன்றாவது இசைத்தட்டோடு அந்தக் குழுவின் முதல் காலம் முடிவடைந்தது.

சக்தியில் இருந்தவர்களுக்கிடையே குறைந்தபட்சம் ராகமும் தாளமும் பொதுவாக இருந்தன. 1991இல் மிக்கி ஹார்ட் உருவாக்கிய ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் அந்தப் பொதுமையும் இல்லை. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் டிரம் கலைஞர் ஹார்ட். நைஜீரியாவிலிருந்து பாபதுண்டே ஒலதுஞ்சி, பேசும் முரசு வாசிக்கும் சிகிரு அடெபோஜு. பிரேசிலின் ஐர்டோ மொரேரா, ஃப்ளோரா பூரிம். போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவன்னி ஹிடால்கோ. இந்தியாவிலிருந்து ஜாகிர் உசேனும் விநாயகராமும். மேற்கு ஆப்பிரிக்க முரசு மரபில் பல கைகள் ஆளுக்கொரு சிறு அமைப்பை விடாமல் வாசித்து, அவற்றின் பின்னலில் முழு உருவம் எழுகிறது. கோர்வை முடிந்து சமத்தில் வந்து விழும் இன்பம் அதில் இல்லை; வட்டம் சுழன்றுகொண்டே இருப்பதில்தான் இன்பம். இங்கே கணக்கைக் கொட்டிக் காட்டுபவர் கூட்டத்தைக் குலைத்துவிடுவார். எப்போது கை நிறுத்த வேண்டும் என்று அறிந்த உபபக்கவாத்தியக்காரருக்கு இந்தச் சூழல் அந்நியமாக இருந்திருக்காது. மேலும் நைஜீரியாவின் இக்போ மக்களிடம் உடு என்ற மண்பானை வாத்தியம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு துளையிட்டு, உள்ளங்கையால் காற்றை அமுக்கி ஆழ்ந்த ஒலி எழுப்புவார்கள். மண்ணை இசைக்கச் செய்தவர்கள் நாம் மட்டுமல்லர். ‘பிளானட் டிரம்’ சிறந்த உலக இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அந்தப் பிரிவில் வழங்கப்பட்ட முதல் விருது அதுவே.

விநாயகராமின் வழி மட்டுமே வழி என்று சொல்வது தவறாகும். அதே 1942இல், திருச்சிக்கு அருகிலுள்ள பூவாளூரில் பிறந்த மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கடுமையான பயிற்சியில் உருவாகி, 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கர்நாடக இசைப் பாடகரான அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து அங்கே இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். புதுக்கோட்டை வழி என்னும் மிருதங்க மரபின் கணக்கை வகுப்பறையில் படிப்படியாக விளக்கியும், மேற்கத்திய இசைக்குழுக்களுக்கும் இந்தோனேசிய வாத்தியக் கூட்டமான கேமலான் குழுவுக்கும் புதிய உருப்படிகளை இயற்றியும் அவர் செய்த பணி, மேடையில் நொடிக்கு நொடி நிகழும் உரையாடலிலிருந்து வேறுபட்டது. எழுதிவைக்கக் கூடியது, பிறர் மீண்டும் வாசிக்கக் கூடியது. தமிழ்நாட்டில் சங்கரனின் கச்சேரி வாசிப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவருடைய ஆசிரியப் பணியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்கு உரியது.

விநாயகராமின் வெளிநாட்டு வாழ்க்கை சென்னைப் பள்ளியை வெறுமையாக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. மிருதங்கம் கற்க அங்கே வந்து கடத்தின் மீது விருப்பம்கொண்ட சுகன்யா ராம்கோபாலுக்கு, பெண்ணின் விரல்களுக்கு அது கடினமாக இருக்குமே என்று விநாயகராம் தொடக்கத்தில் தயங்கினார். ஹரிஹர சர்மா தயங்கவில்லை; மகன் வெளிநாட்டில் இருந்தபோது தாமே அந்தப் பெண்ணுக்குக் கடம் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்த விநாயகராம் அவருடைய வாசிப்பைக் கேட்டுத் தயக்கத்தை விட்டார். பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மறுத்த மிருதங்க வித்வான்களால் மேடை வாய்ப்புகளைப் பலமுறை இழந்த சுகன்யா, 1995இல் பெண்களைக் கொண்ட ஸ்த்ரீ தாள் தரங் என்ற தாளவாத்தியக் குழுவை அமைத்தார். வெவ்வேறு சுருதிக் கடங்களை அருகருகே வைத்து அவற்றில் ராகத்தையே வாசிக்கும் கடதரங்கத்தையும் வளர்த்தெடுத்தார். சுருதி மாற்ற முடியாத வாத்தியம் என்ற கடத்தின் பழைய வரம்பு, அவர் கையில் ஒரு புதிய சாத்தியமாக மாறியது. உபபக்கவாத்தியம் என்ற ஒதுக்கீட்டோடு பெண் என்ற ஒதுக்கீட்டையும் சேர்த்துத் தாங்கியவர் அவர். சங்கீத நாடக அகாதெமி விருது 2014ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது.

விநாயகராமுக்கு அதே விருது 1988இலும், பத்மஸ்ரீ 2002இலும் வந்தன. 1997இல் சக்தி மீண்டும் கூடியபோது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு அவரும் வாசித்தார். விரைவில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர, தாளத்தில் தந்தையின் இடத்துக்கு மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். தாத்தா ஹரிஹர சர்மாவிடமும் தந்தையிடமும் கற்ற செல்வகணேஷ், ஸ்வீடனின் யோனஸ் ஹெல்போர்க், அமெரிக்காவின் ஷான் லேன் ஆகியோரோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார். 2023இல் சக்தி வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோது, 1975இன் ஐவரில் குழுவில் எஞ்சியிருந்தவர்கள் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் மட்டுமே. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார். செல்வகணேஷின் மகன் சுவாமிநாதனும் கஞ்சிரா வாசிக்கிறார். தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே மேடையில் வாசித்த நிகழ்ச்சிகளும் உண்டு.

ராகவன் விலகியதிலிருந்து ‘திஸ் மொமென்ட்’வரை சக்தியில் தென்னக லயத்தின் இடத்தில் முதன்மையாக இருந்தவை கடமும் கஞ்சிராவும், அதாவது நம் சபாக்கள் உபபக்கவாத்தியம் என்று வகைப்படுத்தும் இரண்டு. ஆனால் அந்தக் கலைஞர்களை உருவாக்கிய மேடை இடம் இங்கே சுருங்கி வருகிறது. செலவையும் நேரத்தையும் கருதி, இளங்கலைஞர்களின் பிற்பகல் கச்சேரிகள் பலவற்றில் வயலினும் மிருதங்கமும் மட்டுமே இடம்பெறுகின்றன. தனி ஆவர்த்தனத்துக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. குறைப்புக்கு இடமே இருப்பதில்லை. தூத்துக்குடியில் ஒரு 13 வயதுச் சிறுவனுக்குக் கிடைத்த இருக்கை அத்தகைய சிறிய மேடை ஒன்றில்தான் இருந்தது. இளையோர் கச்சேரி ஒவ்வொன்றிலும் ஓர் உபபக்கவாத்தியத்தையும், தனிக்குக் குறைந்தது 15 நிமிடங்களையும் சபாக்கள் விதியாகவே வைக்க வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரே ஒரு கலைஞரின் சன்மானம்தான்.